சமைக்கப் பிடிக்காதவர் நன்றாகச் சாப்பிட எது வழி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு ஓர் ஒப்பீடு

அடுப்படியில் நிற்கப் பிடிக்காது, ஆனால் உடம்பு கெடாமல் சாப்பிட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்புகிறவர், தருமபுரியில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளை, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, பிள்ளைகள் பெங்களூருக்குப் போனபின் இரண்டு பேருக்காக அடுப்பு மூட்டச் சலித்துப்போன பெரியவர்கள் என்று இந்தச் சிக்கலில் பலரும் இருக்கிறார்கள். இவர்களுக்கு இருக்கும் வழிகள் ஏழு: மெஸ், வீட்டுக்கு வரும் மாதச் சாப்பாடு, ஆள் வைத்துச் சமைப்பது, கடை மாவும் பாக்கெட்டும், விடுமுறை நாளில் மொத்தமாகச் சமைத்து ஃபிரிட்ஜில் வைப்பது, தினமும் ஒரே ஒரு குக்கர், அடுப்பே பற்றவைக்காமல் சாப்பிடுவது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இப்படிக் கணக்குச் சொல்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள்.

இந்தப் பட்டியலை ஒரு மெஸ் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானியம் தாராளமாக இருக்கும், எண்ணெயும் உப்பும் தேவைக்கு மேலேயே இருக்கும். குறைவது காயும் பருப்பும்தான். இரண்டு கரண்டிப் பொரியல் 100 கிராமைத் தாண்டாது, சாம்பாரில் இருக்கும் பருப்பு சோற்றுக்குள் போனபின் கண்ணுக்கே தெரியாது. ஆகவே சமைக்கப் பிடிக்காதவர் எதை விலைக்கு வாங்கலாம், எதை வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாம் வெளியில் நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கும், அவற்றை வாங்கலாம். காயையும் பருப்பையும் மட்டும் வீட்டில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். கீழே எந்த வழியை எடுத்தாலும் இந்தப் பிரிவினையை வைத்தே எடை போடுகிறோம்.

மெஸ்ஸும் ஓட்டலும்

கை நனைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி. ஆனால் நேரம் மிச்சம் என்று நினைப்பதில் பாதிதான் உண்மை. போய், காத்திருந்து, சாப்பிட்டுத் திரும்ப ஒரு வேளைக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணிக்கு மேல் ஆகிறதென்றால், அதே நேரத்தில் ஒரு குக்கர் இறங்கியிருக்கும்.

மெஸ்தான் வழி என்றால் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அளவில்லாச் சாப்பாட்டில் முதல் பரிமாறலோடு சோற்றை நிறுத்திவிட்டு, இரண்டாம் முறை பொரியலும் கூட்டும் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாம்பாரைப் பாத்திரத்தின் அடியிலிருந்து மொண்டு ஊற்றச் சொல்லுங்கள், பருப்பு அங்கேதான் தங்கியிருக்கும். அப்பளமும் ஊறுகாயும் உப்புக் கணக்கை அமைதியாக ஏற்றும், தினமும் வேண்டாம். காலையில் இட்லிதான் நல்ல தேர்வு. ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம், நான்கு இட்லிக்கு 8 கிராம், அதோடு அவித்த முட்டை ஒன்று சேர்த்தால் இன்னொரு 6 கிராம். இரவில் பரோட்டா சால்னாவும் குஸ்காவும்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மைதா அல்லது அரிசி, அதோடு எண்ணெய் மட்டுமே உள்ள அந்தத் தட்டில் காய் என்று சொல்ல வெங்காயம்தான் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை ஆசைக்குச் சாப்பிடலாம், தினசரி இரவுச் சாப்பாடாக வைத்துக்கொண்டால் சில மாதங்களிலேயே இடுப்புச் சுற்றளவு சொல்லிவிடும்.

செயலியில் வரவழைப்பதைத் தனி வழியாக எண்ண வேண்டாம். அதே ஓட்டல் சாப்பாடு, கொஞ்சம் ஆறிப்போய், கூடுதல் விலையில். கேட்டு வாங்கும் வாய்ப்பும் அதில் இல்லை.

தொழிற்சாலைக் கேன்டீன் உள்ளவர்களுக்கு ஒரு வேளை தீர்ந்தது. அங்கே தயிரும் பொரியலும் கிடைத்தால் மதியத்தை முக்கிய வேளையாக்கிவிட்டு, அறையில் செய்வதை ஒரு வேளைக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

மாதச் சாப்பாடு, ஆள் வைத்துச் சமையல்

வீட்டில் சமைத்து டிபன் கேரியரில் கொடுப்பவர்கள் ஓசூரிலும் தருமபுரியிலும் இருக்கிறார்கள். எண்ணெய் ஓட்டலைவிடக் குறைவாக இருக்கும். பேசி முடிக்கும்போதே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: சோறு பாதி போதும், அதற்குப் பதில் பொரியல் இரண்டு மடங்கு வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது கீரை வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் சுண்டலோ பயறோ வேண்டும். முதலிலேயே சொன்னால் விலையை அதற்கேற்பப் போட்டுக்கொள்வார்கள். நடுவில் கேட்டால் மனத்தாங்கல்தான் வரும்.

இதில் கெடுவது வெயிலில். காலை பத்து மணிக்கு அடைத்த கேரியரைப் பிற்பகல் இரண்டுக்குத் திறக்கிறீர்கள். சித்திரை வெயிலில் தேங்காய் அரைத்த கூட்டும் சட்னியும்தான் முதலில் ஊசிப்போகும், அதனால் பங்குனி முதல் ஆனி வரை மதியக் கேரியரில் தேங்காய் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தயிர் சாதத்தைப் பால் அதிகம் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் விட்டால் மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும்.

சமையலுக்கு ஆள் வைப்பது கைச் செலவு அதிகம் உள்ள வழி. ஆனால் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதுவே மிகப் பொருத்தமாக அமையலாம். சமைக்க வருகிற அக்காவிடம் எண்ணெய் டப்பாவையும் உப்பு டப்பாவையும் மாதக் கணக்கில் அளந்து கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன அளவின்படி இருவருக்கு மாதம் எண்ணெய் ஒன்றேமுக்கால் லிட்டர், உப்பு 300 கிராம். இருபதாம் தேதிக்கே டப்பா காலியானால், எங்கே கூடுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம், யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. காயும் இருவருக்கு வாரம் ஐந்தரைக் கிலோ வாங்கி வைத்திருக்க வேண்டும். சமைக்க ஆள் இருந்தும் காய் வாங்கப்படாத வீடுகளில், தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் திரும்பத் திரும்ப வரும்.

கடை மாவும் பாக்கெட்டும்

மாவு அரைப்பது வீட்டில் செய்ய வேண்டிய வேலையே இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது தேதியைப் பாருங்கள், பொங்கி உப்பிய பாக்கெட்டை விட்டுவிடுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் புதிதாக அரைத்த மாவு புளிக்க ஓர் இரவு முழுதும் போதாது. தருமபுரியில் கோடையில் ஆறு ஏழு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். புளித்த மாவை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியைவிடப் பருப்பு நிறையப் போட்ட சாம்பாரோ, வேர்க்கடலைச் சட்னியோ நல்லது.

சத்துமாவு பாக்கெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உறையில் பொருள்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அது இனிப்பு மாவு. நல்ல மாவே ஆனாலும் குவித்து எடுத்த இரண்டு மேசைக்கரண்டி என்பது ஏறத்தாழ 30 கிராம்தான். அதில் புரதம் 3, 4 கிராமுக்கு மேல் வராது. கஞ்சி குடித்ததும் ஒரு வேளை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது, கூடவே முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ வேண்டும்.

சாமை, தினை பாக்கெட்டுகளில் பளிச்சென்று வெளுத்திருப்பது தவிடு முழுவதும் தீட்டப்பட்டது. கொஞ்சம் மங்கலாக, பழுப்பாக இருப்பதை எடுங்கள். நார்ச்சத்து தவிட்டில்தான் இருக்கிறது. நறுக்கிப் பாக்கெட்டில் போட்ட காய் அவசரத்துக்கு உதவும். ஆனால் அடியில் நீர் கோத்திருந்தால் வாங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தச் சமையல்

வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கொடுத்து, மற்ற நாளெல்லாம் பத்து நிமிடத்தில் முடிக்கும் வழி இது. சமையலை வெறுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குத் தினமும் தொடங்குவதுதான் பாரம், தொடங்கிவிட்டால் செய்துவிடுவார். இன்னொருவருக்கு நீண்ட நேரம் நிற்பதுதான் பாரம். முதல் வகையினருக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். இரண்டாம் வகையினர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள், அவர்கள் நேரே அடுத்த வழிக்குப் போகலாம்.

எல்லாவற்றையும் சமைத்து வைக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இது நிலைக்கும். வேகவைத்த கொள்ளு, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு மூன்று நாள் ஃபிரிட்ஜில் நிற்கும். ஓட்டோடு அவித்த முட்டை ஒரு வாரம் நிற்கும். புளிக்குழம்பு மூன்று நான்கு நாள் தாங்கும். பொரியல் இரண்டாம் நாளே நீர் விட்டுத் துவண்டுவிடும். கீரைக் கடைசல் அடுத்த நாளோடு சரி. தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம், சாப்பிடும்போது துருவிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வடித்த சோறு தனிக் கவனம் கேட்கிறது. அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் மறுநாளைக்கான சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தில் சூடாக அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆறவே பல மணி ஆகும், கெடுவதும் அங்கிருந்துதான்.

நறுக்கி வைப்பதிலும் வேறுபாடு உண்டு. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகியவற்றை ஈரமில்லாமல் நறுக்கி, அடியில் துணி விரித்த டப்பாவில் போட்டால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு கறுத்துவிடும். கீரையைக் கழுவி வைத்தால் மறுநாள் அழுகும், கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள். முருங்கைக்கீரை ஆய்வதற்குப் பயந்தே பலர் வாங்குவதில்லை. கொத்தை அப்படியே துணியில் இறுகச் சுற்றி ஓர் இரவு வைத்தால், காலையில் உதறும்போது பெரும்பாலான இலைகள் தாமாக உதிர்ந்துவிடும்.

காய் வாங்க உழவர் சந்தை தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் உண்டு. காலையில் போனால்தான் கீரை கிடைக்கும். வாரச் சந்தைப் பழக்கம் உள்ளவர்கள் காரிமங்கலம், போச்சம்பள்ளிச் சந்தை நாளை ஒட்டியே சமையல் நாளை வைத்துக்கொள்ளலாம். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியும் மார்கழி தை மாதப் பச்சை அவரையும் வரும் காலத்தில், வேறெதையும் யோசிக்காமல் அவற்றையே வாங்குங்கள்.

தினமும் ஒரு குக்கர்

எங்கள் பார்வையில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான வழி. சோற்றை விட்டுவிட்டுப் பருப்பையும் காயையும் மட்டும் செய்தால் கையால் செய்யும் வேலை பத்து நிமிடம்தான். மிச்சம் பதினைந்து நிமிடம் குக்கர் தானே பார்த்துக்கொள்ளும்.

அடிப்படைச் செய்முறை இருவருக்கு. துவரம்பருப்பு 120 கிராமைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீர், மஞ்சள்தூள், ஐந்து பூண்டுப் பல், அரைக் கரண்டி எண்ணெய் சேர்த்து வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். அந்த நேரத்தில் ஒரு கட்டு அரைக்கீரையையோ சிறுகீரையையோ வேரை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு, தண்டோடு பொடியாக நறுக்குங்கள். மூடியைத் திறந்து கீரை, இரண்டு தக்காளி, நான்கு பச்சை மிளகாய், உப்பு போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு மத்தால் கடையுங்கள். தாளிப்பு வேண்டும் என்றால் சேருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை. கீரைக்குப் பதில் பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய், முள்ளங்கி எதையும் இப்படியே போடலாம், வேக இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். காயைத் தொடக்கத்திலேயே பருப்போடு போட்டுவிட்டால் குழைந்து, நிறமும் மணமும் போய்விடும். குக்கர் காய் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர் பழித்தது இந்தக் குழைவைத்தான்.

கொள்ளு இந்த மண்ணின் பயறு, சமைக்கச் சோம்பும் ஆளுக்கு இதைப்போல உதவுவது வேறில்லை. 250 கிராம் கொள்ளைக் கல் பார்த்துக் கழுவி இரவு ஊறவையுங்கள். காலையில் ஒரு லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் இருபது நிமிடம். இந்த ஒரு வேகவைப்பில் மூன்று பண்டம் வந்துவிடும். வடித்த தண்ணீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். பயறில் பாதியைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டு, தக்காளி வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கடைசல். மீதி அடுத்த நாள் மாலைச் சுண்டல். மொத்தப் புரதம் 50 கிராமுக்கு மேல், ஒருவருக்கு மூன்று நாள் பருப்புக் கணக்கு முடிந்தது. மத்துக்குப் பதில் மிக்ஸியில் அடிப்பதானால் ஆறியபின் அடியுங்கள். சூடாக மூடி அடித்தால் ஆவி மூடியைத் தள்ளி, கொதிக்கும் விழுது கையில் தெறிக்கும்.

வேகாத பருப்புக்குக் காரணங்கள் மூன்று, மூன்றும் இங்கே சாதாரணம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை முதலாவது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பயறின் தோலையும் சுவரையும் இறுக்கிவிடும். இரண்டாவது புளிப்பு. தக்காளி, புளி இரண்டையும் முதலிலேயே போட்டால் கொள்ளும் மொச்சையும் எத்தனை விசிலுக்கும் மசியாது. மூன்றாவது பழைய சரக்கு. ஓராண்டுக்கு மேல் கிடந்த பயறு ஊறினாலும் வேக மறுக்கும். சோடா உப்பு போட்டால் மசியும், ஆனால் பி1 வைட்டமின் அழிந்துபோகும், வேண்டாம். பயறு வேகவைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி விசில் துளையை அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது, இந்த இரண்டு மாவட்டங்களில் இதைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல், பல்லில் கறையும் மூட்டில் இறுக்கமும் கொண்டுவந்தது அதுதான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் மிச்சமுள்ளதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான். அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்து வைத்துவிட்டு, உலைக்கும் பருப்புக்கும் ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சோறும் பருப்பும் கூழும் தண்ணீரைக் குடித்தே வேகின்றன, அந்தத் தண்ணீரில் உள்ளது வயிற்றுக்குள்தான் போகிறது. சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே ஊற்றுங்கள், பருப்பும் சீக்கிரம் வேகும்.

களியைச் சுலபமாக்குவது

கேழ்வரகு இங்கே விளைகிறது, 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாகவும் தருகிறார்கள். 100 கிராமில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் கால்சியம், பெரியவருக்கு நாளுக்கு வேண்டிய 1000 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. இருந்தும் துடுப்புப் பிடித்துக் கிண்டும் வேலைக்குப் பயந்து பலர் விட்டுவிட்டார்கள்.

குக்கரில் கிண்டாமல் செய்யலாம். ஒரு பங்கு மாவை இரண்டரைப் பங்கு பச்சைத் தண்ணீரில் உப்போடு கட்டியில்லாமல் கரையுங்கள். அதை அடுப்பில் வைத்துக் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். இந்தப் படியை விட்டால் மாவு அடியில் படிந்து, கீழே கல்லாகவும் மேலே தண்ணீராகவும் நிற்கும். பிறகு பாத்திரத்தோடு குக்கருக்குள் வைத்து நான்கு விசில். ஆவி அடங்கியதும் கரண்டிக் காம்பால் நன்றாக ஒரு கிண்டு கிண்டி, ஈரக் கையால் உருட்டுங்கள். கையில் ஒட்டினால் வேகவில்லை என்று பொருள், மறுபடி இரண்டு விசில் வையுங்கள்.

கூழ் இன்னும் குறைந்த வேலை. இரவு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய் வேகும் தண்ணீரில் ஊற்றிக் கால் மணி நேரம் கிண்டினால் இரண்டு வேளைக்கு ஆகும். புளிப்பதால் கேழ்வரகில் இரும்புச் சத்தைப் பிடித்துவைக்கும் பொருள் குறைகிறது, அதனால் களியைவிடக் கூழில் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் காலை வேளை தீர்ந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேழ்வரகு மாவிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். களி என்பதால் சர்க்கரை ஏறாது என்று நம்பி இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டால் சோறு சாப்பிட்டதற்குச் சமமாகவே ஏறலாம். ஒரு சிறிய உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அடுப்பே இல்லாத வேளை

அவல், தயிர், வாழைப்பழம், கொய்யா, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெள்ளரி, கேரட், தக்காளி. இவற்றைக் கொண்டு நாளுக்கு ஒரு வேளையைத் தாராளமாக ஓட்டலாம். கெட்டி அவல் 60 கிராமைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி கடலை, துருவிய கேரட், உப்பு சேர்த்தால் 15 கிராம் அளவுக்குப் புரதம் உள்ள ஒரு வேளை. மூன்று வேளையும் இப்படியே என்றால் சலித்துப்போய்ப் பத்தாம் நாள் பரோட்டாக் கடைக்குத்தான் கால் போகும்.

முளைகட்டிய பயறு நல்லதுதான், ஆனால் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். பயறு முளைக்க வேண்டிய அதே ஈரமும் சூடும் கிருமி பெருகவும் ஏற்றது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் பன்னிரண்டு மணி நேரம் கட்டி, நடுவில் ஒரு முறை அலசி, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துச் சாப்பிடுங்கள். பிசுபிசுப்போ நாற்றமோ வந்தால் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேகவைக்காத முளைப்பயறு கூடவே கூடாது.

யாருக்கு எது

ஓசூரில் ஷிப்ட் வேலை, அறையில் கேஸ் இல்லை என்றால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் கொள்ளும் மின்சார ரைஸ் குக்கர் ஒன்று போதும். சாமை அல்லது அரிசி 75 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், நறுக்கிய காய் 200 கிராம், அரை லிட்டர் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய், உப்பு, மஞ்சள். அரை மணியில் தானே நின்றுவிடும். துவரம்பருப்பு இதில் சரியாக வேகாது, பாசிப்பருப்போ மைசூர்ப் பருப்போதான். எண்ணெய் நுரையை அடக்கும், அது இல்லாவிட்டால் பொங்கி வழியும். மதியம் கேன்டீன், இரவு இது, காலையில் முட்டையும் பழமும்.

படிக்கிற பிள்ளைகளுக்குக் கையில் காசும் குறைவு, அடுப்பும் இருக்காது. அவர்கள் மெஸ்ஸில் சோறு சாப்பிட்டு, வாரத்துக்குக் கால் கிலோ வேர்க்கடலை, தினம் ஒரு முட்டை, ஒரு பழம், ஒரு வெள்ளரி அறையில் வைத்துக்கொண்டால் பெரும் குறை தீரும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஆள் வைக்க வசதி இருந்தால் வையுங்கள், மேலே சொன்ன எண்ணெய், உப்புக் கணக்கோடு. வசதி இல்லையென்றால் கடை மாவு, தினம் ஒரு குக்கர், வாரம் ஒரு முறை கொள்ளு. ஒருவர் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க என்று பிரித்துக்கொண்டால்தான் இது நீடிக்கும். இரண்டு வேலையும் ஒருவர் தலையில் விழும் வீட்டில், சமையல் வெறுப்பு என்று பேசப்படுவது பெரும்பாலும் களைப்புதான்.

வயதான தம்பதியருக்குக் காலைக் கூழும் மதியம் குக்கரும் போதும். பல் சரியில்லை என்று காயை விட்டுவிடுகிற பெரியவர்கள் உண்டு, கடைசலாகவும் கூட்டாகவும் குழைய வேகவைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார்கள். இரவில் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு, மதியத்து மீதிப் பருப்பைச் சூடாக்கி ஊற்றிக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாத்திரக் கடைக்குப் போய் நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒருவர், இருவர் என்றால் 3 லிட்டர் குக்கர், நான்கு பேர் என்றால் 5 லிட்டர், ஒரு மத்து, கூரான ஒரு கத்தி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பா நான்கு. குக்கர் கேஸ்கெட்டைக் கழுவிக் காயவைத்துத் தனியாக மாட்டி வையுங்கள். அது தளர்ந்து மூடியின் விளிம்பில் ஆவி கசியத் தொடங்கினால், விசில் வராமல் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும், அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.